சபாநாயகர் நாற்காலியில் அமர்ந்த தமிழாசிரியர்

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

செய்யாற்றை விட்டுப் பல நாடுகளில் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகளிடம் புலவர் கா. கோவிந்தனார் யாரென்று கேட்டால், “பழைய சபாநாயகர்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது எனக்கு வருத்தம் தருகிறது. 1915இல் பிறந்த அவர் முதலில் பள்ளியில் தமிழ் கற்பித்த ஆசிரியர். அரசியலில் எவ்வளவு உயர்ந்தபோதும் ‘புலவர்’ என்ற சொல் அவர் பெயரை விட்டு நீங்கவே இல்லை.

1962 தேர்தலில் தி.மு.க. வேட்பாளராகச் செய்யாற்றில் வென்றார். பாலாற்றுக்கு அக்கரையில், காஞ்சிபுரத்தில், அண்ணாவே தோற்றுப்போன தேர்தல் அது என்பதை நினைத்தால்தான் நம் ஊர் மக்கள் அவர்மீது வைத்திருந்த நம்பிக்கையின் அளவு தெரியும். அடுத்து 1967, 1971, 1977 தேர்தல்களிலும் அவரையே அனுப்பினார்கள். 1967இல் பேரவைத் துணைத்தலைவரானவர், அண்ணா மறைந்த 1969ஆம் ஆண்டிலேயே பேரவைத் தலைவரானார்.

1972 டிசம்பரில் கே.ஏ. மதியழகனைப் பேரவைத் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கும் தீர்மானத்தின்போது அவையில் மூண்ட கொந்தளிப்பைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதன்பின் 1973இல் அந்த நாற்காலிக்கு மீண்டும் வந்தவர் நம் புலவர்தான். மாநில சுயாட்சித் தீர்மானம் 1974 ஏப்ரலில் நிறைவேறியது அவர் தலைமையிலிருந்த அவையில். 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டு, சட்டமன்றமும் கலைந்தது. ஆனால், அவை கலைந்தாலும் அடுத்த பேரவையின் முதல் கூட்டம் வரை தலைவர் பதவி நீடிக்கும் என்கிறது அரசியலமைப்பின் 179ஆம் பிரிவு. அதன்படி, உறுப்பினரே இல்லாத ஓர் அவைக்கு அவர் 1977 வரை தலைவராக இருந்தார்.

இவற்றைவிட நான் பெரிதாக மதிப்பது அவருடைய எழுத்துப் பணியை. சங்கப் புலவர்களை வகைப்படுத்தி வரிசையாக நூல்கள் எழுதினார். கால்டுவெல் 1856இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைத் தமிழாக்கியவரும் அவரே. என் தந்தையார் வைத்திருந்த படியில், தமிழ், தெலுங்கு, கன்னடச் சொற்கள் ஒப்பிடப்படும் பக்கங்களின் ஓரமெல்லாம் தந்தையார் பென்சிலால் எழுதிய குறிப்புகள் நிறைந்திருக்கின்றன. சில இடங்களில் கால்டுவெல்லோடு சண்டையே போட்டிருக்கிறார். ஆங்கிலம் அறியாத ஒரு தமிழ் மாணவர் அந்தப் பேரறிஞரை எதிர்த்து வாதாட முடிந்தது இந்த மொழிபெயர்ப்பால்தான். ஓர் ஆசிரியருக்குத்தான் இந்தத் தேவை முதலில் தெரியும்.

1991இல் புலவர் காலமானார். அவருடைய நூல்களை அரசு நாட்டுடைமையாக்கியிருப்பதால், அவற்றை மறுபதிப்புச் செய்யத் தடையில்லை. நம் வீடுகளின் பரணில் அந்தப் பழைய பதிப்புகள் கிடந்தால், கரையான் தின்பதற்குள் எடுத்துப் படமாக்கி அனுப்புங்கள். தட்டச்சு செய்யும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.