மறு: இராமானுஜனின் "மிகு பகு எண்" – "விஞ்செண்" எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். கணித மேதை இராமானுஜனின் "highly composite number" (composite = பகு எண்) என்பதற்குத் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்த இரண்டு கருத்துகளுக்கு என் பதில் இது.

> "மிகு பகு எண்" என்றே வைத்துக்கொள்ளலாம். பகு எண் எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே.

ஐயா, தெரிந்த சொல்லாக இருப்பதால்தான் தயங்குகிறேன். 1ஐயும் தன்னையும் தவிர வேறு காரணியும் உள்ளது பகு எண் என்று பிள்ளைகள் பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள். இராமானுஜன் 1915இல் லண்டன் கணிதக் கழக இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில் வரையறுத்தது வேறு: தன்னைவிடச் சிறிய எண்கள் எல்லாவற்றையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண். 1க்கு ஒரு காரணி, 2க்கு இரண்டு. ஆகவே 2ம் இதில் சேரும். ஒரே பக்கத்தில் 2ஐப் பகா எண் என்றும் மிகு பகு எண் என்றும் எழுதினால் படிக்கிறவர் குழம்பிப்போவார். ஆங்கிலப் பெயரிலேயே இருக்கும் இந்த முரணை நாமும் சுமக்க வேண்டாம்.

இலங்கைப் பாடநூல்களில் பகா எண்ணுக்கு முதன்மை எண், பகு எண்ணுக்குச் சேர்த்தி எண். பெயரில் "பகு" வந்தால் அங்கே தனியாக வேறொன்று ஆக்க வேண்டிவரும். HCF ஒன்றே இங்கே மீப்பெரு பொதுக் காரணி (மீ.பொ.கா.), அங்கே பொதுக் காரணிகளுட் பெரியது (பொ.கா.பெ.) என்று பிரிந்து கிடப்பது போதாதா? "காரணி" இருவருக்கும் பொது.

> பல்காரணி எண்?

அம்மா, இது அழகாக இருக்கிறது. ஆனால் 30ம் உள்ளே வந்துவிடும். 30க்கு 8 காரணிகள். அந்த எட்டை 24 முன்பே எட்டிவிட்டதால் 30க்கு இந்த வரிசையில் இடமில்லை. நமக்கு வேண்டியது முந்தியவற்றைத் தாண்டும் செயலைச் சொல்லும் பெயர். 6க்கு 4 காரணிகள். 7 முதல் 11 வரை எதுவும் நான்கைத் தாண்டவில்லை. 12 வந்ததும் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. பிறகு 18, 20 இரண்டும் அதே ஆறோடு நிற்கின்றன, 24இல்தான் எட்டு.

இதற்கு "விஞ்சு" என்ற வினை கச்சிதமாகப் பொருந்துகிறது. பகு எண் போலவே வினைத்தொகை: விஞ்சு + எண் = விஞ்செண். கட்டுரையில் முதல் முறை "காரணி விஞ்செண்" என்று முழுதாக எழுதிவிட்டு, அடுத்து விஞ்செண் என்றே தொடரலாம். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

"5040 ஒரு விஞ்செண். 5040 = 2⁴ × 3² × 5 × 7. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 5 × 3 × 2 × 2 = 60 காரணிகள்."

"2 முதலான விஞ்செண்களில், 4ஐயும் 36ஐயும் தவிர, மிகப் பெரிய பகாக் காரணியின் அடுக்கு 1."

எனக்கு இடறவில்லை. விஞ்செண் வரிசை, உயர் விஞ்செண் என்று கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன.

இன்னும் ஒன்று மிச்சம். 18, 20 போல, முந்தியவற்றை விஞ்சாவிட்டாலும் அவற்றுக்குக் குறையாத எண்களையும் சேர்த்து இராமானுஜன் தனி வகையாகப் பார்த்தார். "விஞ்சப்படா எண்" என்று எழுதி வைத்திருக்கிறேன். பொருள் சரி, நீளம்தான் உறுத்துகிறது. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றுகிறதா?