அது குடும்பிமலை, தொப்பிகல அல்ல

கிரான்மண்:
வாவிக்கரை மாஸ்டர் நேற்று இங்கே ஒரு கவிதை போட்டிருந்தார். தலைப்பு, ‘தொப்பிகல மலையில் ஒரு மாலை’. பெயரை மாற்றலாமே என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார். அதற்கு மாஸ்டர் எழுதிய பதில்: ‘மலை ஒன்றுதான். செய்திகளில் அப்படித்தான் வருகிறது. கவிதைக்குப் பெயர் பெரிதல்ல.’ அதை வாசித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. கிரானுக்கு மேற்கே நிற்கும் அந்த மலைக்கு என் அப்பாவும் அவருடைய அப்பாவும் சொன்ன பெயர் குடும்பிமலை. உச்சியில் முடிந்துவிட்ட குடும்பி மாதிரிப் பாறை நிற்கிறது, கண்ணுள்ளவர்களுக்குத் தெரியும். சிங்களத்தில் ‘கல’ என்றால் கல். ‘தொப்பிகல மலை’ என்று எழுதினால் கல்லையும் மலையையும் அடுக்கிச் சொன்னதாகிறது. மட்டக்களப்பில் பிறந்து கவிஞர் என்று பெயர் எடுத்தவருக்கு இதுவுமா தெரியவில்லை?

வாவிக்கரை:
தம்பி, கல்லுக்கும் மலைக்கும் எனக்குப் பாடம் வேண்டாம். முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவன் நான். தொப்பி தமிழில் வழங்கும் சொல்தானே? வெள்ளைக்காரன் அந்த மலைக்கு வைத்த பெயர் ‘பாரன்ஸ் கேப்’. அதுவும் தொப்பிதான். அப்படியிருக்க, தொப்பியைக் கொண்டுவந்தது 2007இல் புலிகளிடமிருந்து மலையைப் பிடித்த இராணுவம் என்று எப்படிச் சொல்வது? அந்த இடத்தில் எனக்கு ‘தொப்பிகல’ என்ற ஓசை தேவைப்பட்டது, எழுதினேன்.

கிரான்மண்:
2007 என்று நான் சொல்லவே இல்லை, நீங்கள்தான் சொன்னீர்கள். சொன்னது நல்லது. அந்த வருடம் ஜூலை 11ஆம் திகதி நாங்கள் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தோம். தறப்பாளின் கீழே அப்பா பழைய வானொலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பற்றரி இறங்கிப்போனதால் அதைக் காதோடு ஒட்டிப் பிடித்திருந்தார். ‘தொப்பிகல விடுவிக்கப்பட்டது’ என்று தமிழில் வாசித்தார்கள். அப்பா என்னைப் பார்த்து, ‘அது எந்த இடம், மகன்?’ என்று கேட்டார். நாற்பது வருடம் அந்த மலையடியில் பட்டி மேய்த்த மனிதர். உச்சியில் முகில் கட்டுவதைப் பார்த்து, இன்றைக்கு மாடு ஆற்றைக் கடக்குமா கடக்காதா என்று சொல்லுவார். ‘நம்முடைய குடும்பிமலைதான், அப்பா’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாஸ்டர், சொல் தனியாக வருவதில்லை, உறவுக்காரரையும் கூட்டிக்கொண்டுதான் வரும். ‘தொப்பிகல’ வந்தபோது ‘விடுவிப்பு’ வந்தது, ‘மனிதாபிமான நடவடிக்கை’ வந்தது. 19ஆம் திகதி கொழும்பில் விழாவும் வந்தது. அதே செய்தியில் ‘குடும்பிமலை’ என்று போட்டிருந்தால் ‘யாரிடமிருந்து யாருக்கு விடுவிப்பு?’ என்று கேட்பவன் ஒருவனாவது இருந்திருப்பான். பெயர் மாறியதால் கேள்வியும் காணாமல் போனது. உங்கள் கவிதை அந்த வேலையைத்தான் செய்கிறது.

படுவான்கரைப்பெண்:
இரண்டு பேரும் ஒரே விடயத்தைப் பேசவில்லை என்று நினைக்கிறேன். அரச பதிவுப் பெயர் ஒன்று, ஊர் வழக்குப் பெயர் ஒன்று, கவிதைக்குள் பெயர் செய்யும் வேலை இன்னொன்று. எதைப் பற்றி விவாதிக்கிறோம் என்று முதலில் தீர்மானித்தால் நல்லது.

கிரான்மண்:
தங்கச்சி, தீர்மானிக்க எதுவும் இல்லை. அது குடும்பிமலை.

வாவிக்கரை:
‘கேள்வி காணாமல் போனது’ என்பது மேடைப் பேச்சு. என் கவிதையில் விடுவிப்பும் இல்லை, விழாவும் இல்லை. மாலை வெயில் இருக்கிறது, பாலை மரம் இருக்கிறது. நீங்கள் கவிதையை வாசிக்கவில்லை, தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். போன வருடக் கவியரங்கிலும் இதே கதைதான். என் முறை வந்ததும் எழுந்துபோனவர்களில் நீங்களும் ஒருவர்.

கிரான்மண்:
எழுந்துபோனது உண்மை. அன்றைக்கும் நீங்கள் தொப்பிகல என்றுதான் வாசித்தீர்கள். பாலை மரத்தின் கீழே யார் இருந்தார்கள் என்று எழுதாத கவிதைக்கு எத்தனை பாலை மரம் இருந்து என்ன? மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரையை வெளியிலிருந்து வந்தவர்கள் பிடித்துப் பயிர்செய்ததை எதிர்த்து 2023இல் பாற்பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் உட்கார்ந்தார்களே, அந்த மாடுகள் மேயும் பக்கம்தான் உங்கள் மாலை வெயிலும் விழுகிறது. அதைக்கூடச் சில செய்திகளில் ‘காணிப் பிணக்கு’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்கள். பிணக்கு என்றால் இரண்டு பக்கமும் சமபலம் என்று வாசிப்பவன் நினைப்பான். குறிசுட்ட மாட்டைத் தேடிக் காட்டுக்குள் போய் அடிவாங்கித் திரும்பியவனுக்கு அது பிணக்கா?

அக்கரையூரான்:
தொப்பி, தொப்பி என்று இத்தனை தடவை எழுதுகிறீர்கள், ஒருவருக்கும் வேறு எதுவும் ஞாபகம் வரவில்லையா? முஸ்லிம்களை இழித்துச் சொல்லும் ‘தொப்பி பிரட்டி’ என்ற சொல்லை நான் பள்ளிக்கூடம் போன வயதில் கல்முனை பஸ்ஸில் கேட்டேன். வாப்பா பக்கத்தில் தொப்பியோடு இருந்தார். அதைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தச் சொல்லைச் சொன்னவரும் தமிழில்தான் சொன்னார். மலைக்குச் சிங்களப் பெயர் வைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. எங்களுக்குத் தமிழில் வைத்த பெயருக்கு யார் கொதித்தீர்கள்?

கிரான்மண்:
அக்கரையூரான் காக்கா, அந்தச் சொல் தவறு, நான் அதை வாயால் சொன்னதில்லை. ஆனால் இங்கே பேச்சு மலையைப் பற்றியது. தமிழ் பேசும் மக்கள் எல்லோருக்கும் பொதுவான இழப்பு இது.

அக்கரையூரான்:
பார்த்தீர்களா, ‘தமிழ் பேசும் மக்கள்’! கேட்காமலே எங்களையும் அதற்குள் வைத்துவிட்டீர்கள். இழப்பைக் கணக்கிடும்போது நாங்கள் தமிழ் பேசும் மக்கள், 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றதைப் பற்றிப் பேசும்போது நாங்கள் முஸ்லிம்கள். சொல் உறவுக்காரரோடு வரும் என்றீர்கள். இந்தச் சொல்லின் உறவுக்காரர் யார் என்றும் சொல்லுங்கள்.

அம்பாறையான்:
எங்கள் மாவட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். 1961இல் உருவான மாவட்டத்தின் பெயர் அம்பாறை. தேர்தல் முடிவு வாசிக்கும்போது மட்டும் சிங்களப் பெயரில் ‘திகாமடுல்ல’ ஆகிவிடுகிறது. என் அம்மா ஒவ்வொரு தேர்தல் இரவும் ‘நம்முடைய முடிவு இன்னும் வரவில்லையா?’ என்று கேட்பார், அது வாசித்து முடிந்திருக்கும்.

வாவிக்கரை:
அப்படியானால் திகாமடுல்ல என்று எழுதும் பத்திரிகைகளை எல்லாம் தம்பி எரிக்கச் சொல்லுவாரா? ஒரு ஆளின் கவிதைத் தலைப்பைப் பிடித்துத் தொங்குவது சுலபம்.

கிரான்மண்:
எரிக்க நான் சொல்லவில்லை. யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம். அம்பாறையானின் அம்மாவுக்கும் என் அப்பாவுக்கும் நடந்தது ஒன்றுதான்: தன் இடத்தைப் பற்றிய செய்தியைத் தன் மொழியில் கேட்டும் தன் இடம் என்று தெரியவில்லை. கவிஞன் என்றால் அந்த இடத்தில் நின்று சரியான பெயரைச் சொல்ல வேண்டும். நீங்கள் கிரான் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, மாடு சாய்த்துக்கொண்டு வரும் யாராவது ஒரு வயோதிபரிடம் ‘தொப்பிகல எந்தப் பக்கம்?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து அந்தத் தலைப்பை வைத்திருங்கள்.

வாவிக்கரை:
எனக்கு வழி தெரியும், கேட்கத் தேவையில்லை. தலைப்பு மாறாது.

கிரான்மண்:
வழி தெரிந்தவருக்குப் பெயர் தெரியவில்லை. குடும்பிமலை, மாஸ்டர். குடும்பிமலை.

அக்கரையூரான்:
நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.