முப்பத்து மூன்றாவது கல்

வேதாளை ஆசிரியர் | ஏப்ரல் 16, மாலை 6.40

எங்கள் ஊர் நூலகத்துக்கு மாலை நேரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிறார்கள். இன்று அவர்களுக்குள் ஒரு சச்சரவு. 2007ஆம் ஆண்டு இதே நாளில் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது கேள்வி. ஒருவன் 32 என்றான். ஒருத்தி 33 என்றாள். இரண்டுமே அன்று செய்திகளில் வந்த எண்கள்தான். 32 பேரைக் கொன்ற மாணவன் கடைசியில் தன்னையும் சுட்டுக்கொண்டான். அவனையும் சேர்த்தால் 33.

இதே சச்சரவு அந்த வளாகத்திலும் எழுந்தது. துயரம் நடந்த கையோடு மாணவர்கள் அங்குள்ள பெரிய திடலில் இறந்தவருக்கு ஒன்றாக 32 கற்களை அரைவட்டமாக வைத்தார்கள். ஒரு மாணவி யாரிடமும் சொல்லாமல் முப்பத்து மூன்றாவதாக ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தாள். யாரோ அதை எடுத்துவிட்டார்கள். மறுபடியும் ஒரு கல் அங்கே வந்தது. ஆகஸ்டில் பல்கலைக்கழகம் நிலையான நினைவிடம் அமைத்தபோது 32 கற்களோடு நிறுத்திக்கொண்டது.

அந்த மாணவி செய்தது சரி என்பது என் கட்சி. முப்பத்தொரு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். யாரோடும் பேசாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையன் எந்த ஆண்டும் ஒருவன் இருப்பான். என் வருகைப் பதிவேட்டில் அவனுக்கும் ஓர் எண் உண்டு. அவன் எவ்வளவு பெரிய பாவம் செய்தாலும் அந்த எண்ணை அடித்துவிட்டு அவன் எங்கள் பள்ளியிலேயே படிக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் எண்ணத்தை எழுதுங்கள்.


வலைக்காரி, தங்கச்சிமடம் | மாலை 7.25

சார், உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இதை என்னால் ஏற்க முடியாது.

அந்த 32 பேரில் ஒருவரைப் பெற்ற தாயாக அந்தத் திடலுக்குப் போய் நில்லுங்கள். பிள்ளையின் கல் இருக்கிறது. அதே வரிசையில் பிள்ளையைக் கொன்றவனின் கல்லும் இருக்கிறது. அதே அளவு, அதே நிறம், அதே பூ. அவள் எந்தக் கல்லின் முன்னால் முழந்தாளிடுவாள்?

குண்டு பாய்ந்த உடல் ஊருக்குள் வருவது எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். 2017 மார்ச் 6 இரவு கச்சத்தீவுப் பக்கம் மீன்பிடிக்கப் போயிருந்த எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். இலங்கைக் கடற்படை சுட்டது என்று படகில் இருந்தவர்கள் சொன்னார்கள், கடற்படை மறுத்தது. உடலை வாங்க மாட்டோம் என்று ஊரே பந்தலில் உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்திருந்தேன். பகலெல்லாம் வெயில், ஒருவரும் எழுந்து போகவில்லை. அந்தப் பந்தலுக்கு யாராவது வந்து, சுட்டவனையும் நினைத்துப் பாருங்கள், அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள் என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் சொன்னது பொய்யாக இருந்திருக்காது. ஆனாலும் அந்த இடத்தில் அதைச் சொல்ல அவருக்கு என்ன உரிமை?

உங்கள் வருகைப் பதிவேட்டில் மற்ற 32 எண்களும் இருக்கின்றன சார். அவற்றை அடித்தவன் அவன்தான்.


தொண்டி மாணவன் | இரவு 7.50

அக்கா சொல்வதே சரி. அவன் மனநலம் சரியில்லாதவன் என்று நீதிமன்றத்துக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வெளியே விட்டார்கள். இப்படிப்பட்ட பைத்தியங்களைப் பிடித்துப் பூட்டி வைத்திருந்தால் 32 பேரும் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள். அவனே பேசி அனுப்பிய காணொளியின் இணைப்பைக் கீழே கொடுத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டுக் கல் வைக்கலாமா என்று சொல்லுங்கள்.

(இணைப்பையும் அவன் பெயரையும் இரவு 8.30க்கு நீக்கிவிட்டேன்.)


நாற்பத்தெட்டு மடை, ஆர்.எஸ். மங்கலம் | இரவு 8.05

தம்பி, முதலில் அந்த இணைப்பை எடுத்துவிடுங்கள். இரண்டு இடங்களில் சுட்டான் அவன். முதலில் காலை ஏழே கால் மணி அளவில் விடுதியில். பிறகு ஒன்பதே முக்காலை ஒட்டி வகுப்பறைக் கட்டடத்தில். இடையில் அஞ்சலகத்துக்குப் போய் அந்தக் காணொளி இருந்த பொட்டலத்தை ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்கு அனுப்பினான். தன் முகத்தை உலகம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அனுப்பினான். இரண்டு நாளில் அவர்களும் ஒளிபரப்பினார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த சில குடும்பங்கள் அந்தத் தொலைக்காட்சிக்குத் தருவதாக இருந்த நேர்காணலையே ரத்து செய்தார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அவன் ஆசையைத் தொண்டியில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஏன் நிறைவேற்றுகிறீர்கள்?

இங்கே மூன்று பதிவுகள் வந்துவிட்டன. மூன்றும் அவனைப் பற்றித்தான். ஒருவரைப் பற்றி நான் சொல்கிறேன். பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். கோபிசெட்டிபாளையம் பக்கம் கரட்டடிபாளையத்துக்காரர். கான்பூர் ஐஐடியில் படித்து, பர்டூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, வர்ஜீனியா டெக்கில் கால் நூற்றாண்டு பாடம் நடத்தியவர். அவருடைய துறை நீரியல். மழை எவ்வளவு பெய்யும், ஆற்றில் எவ்வளவு வரும், எவ்வளவைத் தேக்கலாம் என்று கணக்கிடும் படிப்பு. நான் பொதுப்பணித் துறையில் கண்மாய்களோடு வாழ்ந்தவன். நாரை பறக்க முடியாத நாற்பத்தெட்டு மடை என்று எங்கள் பெரிய கண்மாயைச் சொல்வார்கள். அதில் தண்ணீர் நிறைகிற ஆண்டையும் காய்கிற ஆண்டையும் பார்த்த எனக்கு அந்தப் படிப்பின் அருமை தெரியும். நாரிஸ் என்ற அந்த வகுப்பறைக் கட்டடத்தின் 206ஆம் அறையில் அவர் நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் அவன் முதலில் நுழைந்த அறை அதுதான். அவரும் அந்த அறையிலிருந்த மாணவர்கள் 9 பேரும் இறந்தார்கள். அவருக்கு வயது 53.

கல்லுக்கு வருகிறேன். நம்மிடம் இரண்டு கல் உண்டு. ஒன்று நடுகல். ஊருக்காக நின்று மடிந்தவனுக்கு ஊர் நடுவது. மற்றது காரியம் முடியும் வரை வீட்டார் நிறுத்தி நீர் ஊற்றும் கல். செத்தவன் நல்லவனா கெட்டவனா என்று அந்தக் கல்லுக்கு முன் யாரும் கேட்பதில்லை. ஆனால் காரியம் முடிந்ததும் அதை எடுத்து நீரில் விட்டுவிடுகிறோம். ஊர்ப் பொதுவில் யாரும் நட்டு வைப்பதில்லை. அந்த மாணவி வீட்டுக் கல்லைக் கொண்டுபோய் நடுகல் வரிசையில் வைத்தாள். அவள் மனம் பெரிது. வைத்த இடம் தவறு.


ஏர்வாடி செவிலி | இரவு 8.20

கல்லைப் பற்றி அப்புறம் பேசுகிறேன். தொண்டித் தம்பி எழுதிய ஒரு வரி என்னை உட்கார விடவில்லை. பூட்டி வைத்திருந்தால் என்று எழுதியிருக்கிறீர்கள்.

தம்பி, பூட்டி வைத்த ஊர் எங்கள் ஊர். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். எழுந்து ஓடக் கால் இருந்தும் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரும் யாரையும் சுடவில்லை. தர்காவுக்கு அழைத்து வந்தால் குணமாகும் என்று நம்பிய குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். நான் அப்போது பள்ளி மாணவி. அந்தப் புகை வாடை அடங்கிய பிறகும் பல நாள் எங்கள் தெருவில் பெண்கள் உரக்கப் பேசவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அதனால்தான். எங்காவது துப்பாக்கிச் சூடு என்று செய்தி வரும்போதெல்லாம், பைத்தியங்களை அடைத்து வை என்று நாலு பேர் எழுதுகிறார்கள். அடுத்த வாரம் என்னிடம் வர வேண்டிய ஒரு பையன் அதைப் படித்துவிட்டு வராமல் போகிறான். அவன் தாய் அவனை மறைக்கிறாள். இது எனக்குக் கண்கூடாகத் தெரியும்.

வர்ஜீனியாவில் நடந்தது வேறு. அவன் தனக்கே ஆபத்தானவன் என்று 2005 டிசம்பரில் ஒரு நீதிபதி சொன்னார். மருத்துவமனையில் சேர்க்காமல், வெளியிலிருந்தே சிகிச்சைக்கு வர வேண்டும் என்று உத்தரவிட்டார். வந்தானா என்று தொடர்ந்து பார்க்க ஒருவரும் இல்லை. துப்பாக்கி விற்கக் கூடாதவர்களின் பட்டியலுக்கு அந்த மாநிலம் மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களின் பெயர்களையே அனுப்பி வந்தது. அவன் பெயர் போகவில்லை. 2007 பிப்ரவரியில் ஒரு கைத்துப்பாக்கி, மார்ச்சில் இன்னொன்று. இரண்டு முறையும் சோதனையில் தேறி, பணம் கொடுத்து வாங்கினான். சம்பவம் நடந்த இரண்டே வாரத்தில் ஆளுநர் ஓர் ஆணையிட்டு அந்த ஓட்டையை அடைத்தார். 2008 ஜனவரியில் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. இரண்டு வாரத்தில் அடைக்க முடிந்த ஓட்டைதான் அது, தம்பி. நம் மாவட்டத்தில் துப்பாக்கி உரிமம் வேண்டுமென்றால் ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். காவல்துறை வீடு தேடி வந்து விசாரிக்கும். சங்கிலியை அங்கே போடுங்கள். நோயாளியின் காலில் போடாதீர்கள்.


தொண்டி மாணவன் | இரவு 8.34

இணைப்பை எடுத்துவிட்டேன். அந்தச் சொல்லை நான் எழுதியிருக்கக் கூடாது அக்கா. ஏர்வாடியில் நடந்தது எனக்குத் தெரியாது. நான் பிறப்பதற்கு முன்பு நடந்திருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வகுப்பில் அவனோடு உட்கார்ந்தவர்கள் பயந்திருப்பார்கள் அல்லவா? அந்தப் பயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் காட்டிக் கொடுத்தவன் என்று பெயர் வரும். சொல்லாவிட்டால் பிறகு எல்லோரும் உனக்குத் தெரியாதா என்று கேட்பார்கள்.


ஏர்வாடி செவிலி | இரவு 8.50

நல்ல கேள்வி. அவன் எழுதியவற்றைப் படித்துப் பேராசிரியர்கள் பயந்தார்கள். மேலிடத்தில் சொல்லவும் செய்தார்கள். ஆனால் அந்தரங்கச் சட்டம் தடுக்கிறது என்று தவறாக எண்ணிக்கொண்டு, ஒரு பிரிவுக்குத் தெரிந்ததை மற்றொரு பிரிவுக்குச் சொல்லாமல் விட்டார்கள். விசாரணைக் குழு அதைத்தான் பெரிய குறையாக எழுதியது. உங்கள் கல்லூரியில் யாரைப் பார்த்தாவது பயம் வந்தால், அல்லது யாரை நினைத்தாவது கவலை வந்தால், 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண்; தமிழில் பேசலாம். அது காட்டிக் கொடுப்பது ஆகாது.


கீழக்கரை காக்கா | இரவு 9.10

2007இல் நான் துபாயில் இருந்தேன். அறையில் எட்டுப் பேர், ஒரே தொலைக்காட்சி. சுட்டவன் ஆசியாக்காரன் என்று மட்டும் முதலில் செய்தி வந்தது. பெயர் வரவில்லை. அன்று இரவு எங்களில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. இறந்தவர்களுக்காக மனம் கனத்தது உண்மை. அதோடு இன்னொன்றும் இருந்தது. யா அல்லாஹ், அவன் நம்மவனாக இருக்கக் கூடாது என்று ஒவ்வொருவரும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தோம். மறுநாள் அவன் கொரியாக் குடும்பத்துப் பையன் என்று தெரிந்தது. எங்களுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததற்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன். அதே நேரம் அமெரிக்காவில் எத்தனையோ கொரியக் குடும்பங்களுக்கு மூச்சு நின்றிருக்கும். அவன் எட்டு வயதில் அந்த நாட்டை விட்டு வந்தவன். ஆனாலும் தென்கொரிய அதிபரே இரங்கல் சொல்லி வருந்த வேண்டியிருந்தது.

அதனால்தான் நான் ஆசிரியர் பக்கம் நிற்கிறேன். எங்கள் மையவாடியில், அதாவது அடக்கத்தலத்தில், மீசான் கல் என்னும் கல்லறைக் கல் எல்லாக் கபருக்கும் ஒன்றுபோல்தான். வட்டிக்குக் கொடுத்தவன், தொழாதவன், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவன், யாராக இருந்தாலும் குளிப்பாட்டி, கபனிட்டு, ஜனாஸா தொழுது அடக்குகிறோம். ஒருவனை மனிதர் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் அடுத்து அவன் வீட்டாரை எடுப்பார்கள். பிறகு அவன் இனத்தாரை எடுப்பார்கள்.

அவனுக்கு ஓர் அக்கா உண்டு. நான்கு நாள் கழித்துக் குடும்பத்தின் சார்பில் ஓர் அறிக்கை கொடுத்தாள். தம்பி செய்ததற்கு வருந்தினாள். இறந்தவர்களில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் பிரார்த்தித்தாள். 32 பெயர்கள். அந்தப் பெண் எந்தக் கல்லின் முன் போய் நிற்பாள் என்று வலைக்காரி ராத்தாவிடம் கேட்கிறேன்.


வேதாளை ஆசிரியர் | இரவு 9.25

காக்கா, நான் சொல்லத் தவித்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

மடைக்காரர் ஐயாவுக்கு ஒரு சொல். வீட்டுக் கல், ஊர்க் கல் என்று நீங்கள் பிரித்தது அழகாக இருக்கிறது. ஆனால் அவனுக்கு அந்த வளாகமே ஊர். நான்காம் ஆண்டு படித்தான். அங்கே அவனைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பதைவிடப் பெரிய குற்றப்பத்திரிகை அந்த ஊருக்கு உண்டா?


நாற்பத்தெட்டு மடை, ஆர்.எஸ். மங்கலம் | இரவு 9.40

தெரிந்தவர்கள் உண்டு ஐயா. அறைத்தோழர்கள் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். துறைத் தலைவியாக இருந்த அம்மையார் அவனுக்குத் தனியாக உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தார். எல்லாப் பழியையும் ஊர் மேல் தூக்கிப் போடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். தனிமையில் கிடந்த பிள்ளைகள் ஆயிரம் பேர். அவர்கள் துப்பாக்கி வாங்கவில்லை. லோகநாதன் ஐயாவும் கடல் கடந்து தூர ஊருக்குப் போனவர்தான்.


வலைக்காரி, தங்கச்சிமடம் | இரவு 10.15

பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்தேன். காக்கா எழுதியதை மூன்று முறை படித்தேன்.

அந்த அக்காவை நினைத்தால் வயிறு எரிகிறது. அவளும் தம்பியைத் தூக்கி வளர்த்திருப்பாள். அவள் மேல் யாராவது கல்லெறிந்தால் நான் குறுக்கே நிற்பேன். இதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை.

ஆனால் காக்கா, நீங்கள் சொன்னதையே திரும்பப் பாருங்கள். அவள் 32 பெயர்களை வேண்டுதலில் வைத்தாள். தம்பியின் பெயரை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. கூடப் பிறந்தவளுக்கே தெரிந்திருக்கிறது, அந்த வரிசை யாருடையது என்று. அவனுக்காக அவள் வீட்டுக்குள் அழுதிருப்பாள். அந்த அழுகையைத் திடலுக்குக் கொண்டுவரச் சொல்லி அவள் யாரையும் கேட்கவில்லை. அந்த மாணவி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளே வேண்டாம் என்றிருப்பாள் என்று என் மனம் சொல்கிறது.

சார், எனக்கு ஓர் உதவி வேண்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் எங்கள் கோவிலில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். உங்களுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அந்த 32 பெயர்களையும் வாயில் நுழைகிற மாதிரித் தமிழில் எழுதித் தாருங்கள். எங்கள் ஊர்ப் பையன் பெயருக்குக் கீழே கொடுக்கிறேன்.


வேதாளை ஆசிரியர் | இரவு 10.22

இன்றைக்கே எழுதுகிறேன் அம்மா. முப்பத்து மூன்றாவது பெயரை என்ன செய்ய?


வலைக்காரி, தங்கச்சிமடம் | இரவு 10.24

அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் சார்.