சர்க்கரை நோயால் விழித்திரை பாதிப்பு: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். நெடுங்காலமாகச் சர்க்கரை நோயுள்ள என் தாயாருக்கு விழித்திரையின் மையப் பகுதியில் நீர் கோத்திருப்பதால், கண்ணுக்குள் ஊசி மருந்து செலுத்த வேண்டும் என எங்கள் ஊர்க் கண் மருத்துவர் பரிந்துரைத்துள்ளார். தொடக்கத்தில் வலியோ மங்கலோ காட்டாத நோய் என்பதால், வீட்டில் சர்க்கரை நோயாளி உள்ளவர்கள் ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம் என உளமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

மதுரையில் மருத்துவர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலிருந்து அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். இச்சிகிச்சை பெரும்பாலும் ஓர் ஊசியோடு முடிவதில்லை என்பதால், உங்கள் வீட்டாருக்கு எத்தனை முறை தேவைப்பட்டது, ஏறத்தாழ எவ்வளவு செலவானது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பயன்பட்டதா என்பவற்றைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். ஊசி போட்ட அன்றே முதியவர்கள் பேருந்தில் ஊர் திரும்ப இயலுமா, அல்லது மதுரையிலேயே தங்குவது நல்லதா?