கார்கசோன் கோட்டை: போகலாமா, வேண்டாமா?

வைகைக்கரை:
அடுத்த மாதம் குடும்பத்தோடு தெற்குப் பிரான்சின் துலூஸ் நகரில் சில நாள் தங்குகிறோம். ஒரு நாள் பக்கத்திலுள்ள கார்கசோன் கோட்டை ஊருக்குப் போக ஆசை. அங்கே இருப்பதெல்லாம் 19ஆம் நூற்றாண்டில் செய்த ஒட்டுவேலை என்று ஒரு நண்பர் தடுக்கிறார். என்ன செய்யலாம்?

செங்கல்:
உங்கள் நண்பர் பக்கம்தான் நான். 1853இல் வியோலே-லெ-டியூக் என்ற கட்டடக் கலைஞர் புதுப்பிக்கக் கைவைத்த கோட்டை அது. கோபுரங்களின் மேல் கூம்பாக நிற்கும் கறுப்பு ஸ்லேட் கல் கூரைகளைப் பாருங்கள். அது வடக்குப் பிரான்சின் பாணி. தெற்கே ஓடுதான் வழக்கம். உள்ளே போனால் பொம்மை வாள் விற்கும் கடைகள் வேறு. அந்த நாளைத் துலூஸுக்குப் பக்கத்து ஊரான ஆல்பிக்குக் கொடுங்கள். 1282இல் தொடங்கிய செங்கல் பேராலயம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

அலைகடல்:
செங்கல் ஐயா, அவர் கைவைக்காவிட்டால் நாம் விவாதிக்கக் கோட்டையே இருந்திருக்காது. 1659இல் பிரனீஸ் ஒப்பந்தத்தால் ஸ்பெயின் எல்லை தெற்கே தள்ளிப்போனது, கோட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. பிறகு அரசே இடிக்கப் பார்த்தது. உள்ளூர்க்காரர்களும் எழுத்தாளர் மெரிமேயும் போராடித்தான் காப்பாற்றினார்கள். வியோலே-லெ-டியூக் பெரும்பாலும் புதுப்பித்தது மேல்பகுதியை. கீழே நிற்பது பழைய சுவர்.

வைகைக்கரை, வடக்குப் பக்கம் இரண்டு மதில்களுக்கு நடுவே நடந்து, உள்மதிலைக் கிட்டப்போய்ப் பாருங்கள். சின்னச் சின்னக் கல் வரிசை, இடையிடையே சிவப்புச் செங்கல் கோடு. அது ரோமானியர் காலத்துச் சுவர். 13ஆம் நூற்றாண்டில் தரையை வெட்டித் தாழ்த்தியபோது அதன் அடித்தளம் வெளியே வந்துவிட்டது. அடியில் கல் கொடுத்துத் தாங்கினார்கள். அதனால் பழைய சுவர் மேலே, புதிய சுவர் கீழே! இதை ஒட்டுவேலை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

செங்கல்:
அந்தச் சுவரை நானும் மறுக்கவில்லை. என் ஆதங்கம் வேறு. அதே மதில்களுக்கு நடுவே ஏழைக் குடும்பங்கள் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். கோட்டை இடைக்காலத்துக் கோட்டையாகவே தெரிய வேண்டும் என்று அவர்களைக் கிளப்பி, வீடுகளை இடித்தார்கள். அந்த மனிதர்களும் சரித்திரம்தானே? அதைச் சொல்லாமல் "காப்பாற்றினார்கள்" என்றால் பாதிக் கதைதான்.

அலைகடல்:
நியாயமான கோபம். ஆனால் அதைப் போய் நின்று பார்த்தால்தான் உறைக்கும். கூரை விஷயத்திலும் பின்னால் வந்தவர்கள் ரோமானியக் கோபுரங்கள் சிலவற்றுக்கு ஓட்டுக்கூரை போட்டுவிட்டார்கள். இரண்டையும் ஒரே பார்வையில் காணலாம்.

மல்லிகா:
குழந்தைகள் உண்டா? தள்ளுவண்டி வேண்டாம், உள்ளே கல் பாவிய தெரு. ரயிலில் வந்தால் கீழ் ஊர் வழியாக நடந்து, ஓட் ஆற்றின் பழைய பாலத்தைத் தாண்டி ஏறுங்கள். கோட்டை முழுவதும் தெரிவது அங்கிருந்துதான். ஊருக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. உள்ளிருக்கும் பிரபுவின் அரண்மனைக்கு மட்டும் டிக்கெட்.

செங்கல்:
போவதென்று முடிவானால் சாய்ந்த வெயிலில் போங்கள். செயின்ட் நசேர் ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிகளை விட்டுவிடாதீர்கள். ஸ்லேட் கூரை மட்டும் தப்பு, அதில் நான் மாறமாட்டேன்.