கலைச்சொல்: 'அன்கன்ஃபார்மிட்டி', தமிழில் என்ன?

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

திருச்சியில் நிலவியல் ஆர்வலர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவதும், மழைக்காலம் முடிந்ததும் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் களநடை போவதும் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். வருகிறவர்களில் நிலவியல் படித்தவர் இரண்டு மூன்று பேர்தான். மற்றபடி வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியை, போர்வெல் வண்டி வைத்திருப்பவர், அப்பாவோடு வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். இவர்களுக்காக ஆறு ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளைத் தமிழிலேயே நடத்தப் போகிறோம். குறிப்பேடு எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரு சொல் வந்து வழியை அடைத்துக்கொண்டது: அன்கன்ஃபார்மிட்டி.

சென்ற களநடையில் நடந்ததைச் சொன்னால் என் சிக்கல் புரியும். ஊட்டத்தூருக்கு மேற்கே ஓர் ஓடைக்கரை. தண்ணீர் அறுத்து ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. அடியில் பழைய நைஸ் பாறை, கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாக இருக்கிறது. அதன் மேற்புறம் மட்கிப்போய், நகத்தால் கீறினால் வெள்ளை மாவாக உதிர்கிறது. அதற்கு மேல் ஒரு சாண் கனத்துக்கு வெங்கச்சங்கற்கள், அத்தனையும் உருண்டு வழுவழுப்பானவை. அதற்கும் மேலே மஞ்சள் பாய்ந்த களிமண் படிவு, கடல் கொண்டுவந்து போட்டது. ஆசிரியை கட்டைவிரலை நைஸ் மேலும் சுண்டுவிரலைக் களிமண் மேலும் வைத்துக்கொண்டு, "இது எவ்வளவு பழசு, இது எவ்வளவு பழசு?" என்று கேட்டார். மேலே இருப்பது ஏறக்குறையப் பத்துக் கோடி ஆண்டு. கீழே இருப்பது அதைப்போலப் பல மடங்கு என்றேன்.

போர்வெல் அண்ணன் உடனே கேட்டார்: "அப்ப நடுவுல இருந்ததெல்லாம் எங்க போச்சு?"

வகுப்பெடுக்கிறவனுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. நானோ, "இதுதான் அன்கன்ஃபார்மிட்டி. தமிழில் இசைவின்மை என்று சொல்லலாம்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, "எதுக்கும் எதுக்கும் இசையலை?" என்றார். அவர் கேள்வி காலத்தைப் பற்றியது. என் பதிலில் காலமே இல்லை.

அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். நைஸ் உருவானது பூமியின் ஆழத்தில். மேலே இருந்த பாறையெல்லாம் மழையிலும் ஆற்றிலும் கரைந்து போனபிறகுதான் அது வெயிலைப் பார்த்தது. அப்புறமும் நெடுங்காலம் அங்கே எதுவும் படியவில்லை, தேய்மானம் மட்டுமே நடந்தது. பிறகு கடல் ஏறி வந்தது. முதலில் கரையோரக் கூழாங்கல், ஆழம் கூடியதும் சேறு. நைஸுக்கும் கூழாங்கல்லுக்கும் இடையே கோடு கிழித்தாற்போல இருக்கிறதே, அந்த ஒரு கோட்டில் அவ்வளவு காலமும் அடங்கிக் கிடக்கிறது.

ஆங்கிலச் சொல்லே இதைச் சொல்வதில்லை. ஜெர்மன் நிலவியலார் வழங்கிய சொல்லைப் பார்த்து 1805-இல் ராபர்ட் ஜேம்சன் ஆங்கிலத்தில் ஆக்கியது அது. மேலடுக்கின் கிடையும் கீழடுக்கின் கிடையும் ஒத்துப்போகவில்லை என்பதே அதன் பொருள். அடுக்குகளின் சாய்வை வைத்து நிலத்தைப் படித்த காலத்துக்கு அது போதுமாக இருந்திருக்கும். நாம் ஏன் அந்தப் பார்வையையும் சேர்த்துப் பெயர்க்க வேண்டும்? ஊட்டத்தூரில் கீழே இருப்பது படிவடுக்கே அல்லவே, எதோடு எது ஒத்துப்போகவில்லை என்பது?

சென்ற வாரம் இங்கே வந்த மற்றச் சொற்களையும் எடைபோட்டுப் பார்த்தேன். 'முறிவு' நல்ல சொல்தான். ஆனால் பாறை உடைந்து இடம் பெயர்வதற்கு அது வேண்டும். 'ஒவ்வாமை' மருத்துவரிடம் போய்விட்டது, திரும்ப வாங்க முடியாது. 'காலவெளி' எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் இயற்பியலார் ஐன்ஸ்டைனுக்காக எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம் என்று ஒரு நண்பர் எழுதினார். தேர்வுக்குப் படிப்பவர்களுக்குச் சரி. மூன்றாம் வகுப்பின் தலைப்பாக அதைத் துண்டறிக்கையில் போட்டால் அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

என் முன்மொழிவு 'விடுதளம்'. விட்டுப்போன காலத்தைக் காட்டும் தளம். "நடுவில் இரண்டு வரி விட்டுப்போச்சு" என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். ஐங்குறுநூற்றைப் புரட்டினால் 128-ஆம் பாட்டுக்கு அடுத்து 131 வரும். 129-உம் 130-உம் கிடைக்கவில்லை. அச்சில் 128-இன் கடைசி அடிக்குக் கீழேயே 131 தொடங்கிவிடுகிறது; எண்ணைப் பார்க்காதவருக்கு இடையில் ஒன்றும் குறையாததுபோலத் தோன்றும். ஓடைக்கரையில் ஆசிரியையின் இரண்டு விரல்களுக்கு நடுவே இருந்தது அப்படிப்பட்ட இடம்தான்.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்.

* * *

மறுமொழி: கலைச்சொல்: 'அன்கன்ஃபார்மிட்டி', தமிழில் என்ன?

அனைவருக்கும் நன்றி. முதலில் தமிழாசிரியை அம்மா எழுதியதற்குப் பதில் சொல்கிறேன். என் சொல்லை அவர் சரியான இடத்தில் பிடித்துவிட்டார்.

> 'ஏவுதளம்' என்றால் ஏவுகின்ற இடம். அதே அச்சில் 'விடுதளம்' வினைத்தொகை. எதையோ விடுகின்ற இடம் என்றுதான் தமிழ் தெரிந்தவர் காதில் விழும். விட்டுப்போனது என்ற பொருள் அதில் ஏறவில்லை, தம்பி.

உண்மை அம்மா. வீட்டில் பத்தாவது படிக்கும் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தேன். "ராக்கெட் விடுறதா?" என்றாள். சொல்லைக் கேட்டவுடன் பாதிப் பொருளாவது தானாகப் புரிய வேண்டும் என்று வாதிட்டவன் நானே என்பதால், 'விடுதளம்' சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் 'விடு' என்ற வேரை விட மனமில்லை. நீங்களே அடுத்த வரியில் கொடுத்த 'விடுபாடு' அந்தக் குறையைத் தீர்த்துவிடுகிறது. "வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள்", "விடுபட்ட எழுத்தை எழுதுக" என்றெல்லாம் படிக்காதவர் இல்லை. இருந்திருக்க வேண்டியது, இல்லை. இந்த இரண்டும் சேர்ந்துதான் 'விடுபடுதல்'. நிலவியலுக்கும் அந்த இரண்டுமே வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கத்தையும் பிரித்துக்கொள்ளலாம். நிலவியலில் விட்டுப்போன கால அளவுக்கு ஒரு சொல், அந்த இழப்பைக் காட்டும் பரப்புக்கு ஒரு சொல் என இரண்டு உண்டு. ஆர்வலர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள், மாணவர்களும்தான். கால அளவைக் 'காலவிடுபாடு' என்றும், பாறையில் கைவைத்துக் காட்டக்கூடிய பரப்பை 'விடுபாட்டுத் தளம்' என்றும் வைத்துக்கொள்வோம். களத்தில் பேசும்போது வெறும் 'விடுபாடு' போதும். இடம் பார்த்துப் பொருள் புரிந்துவிடும்.

ஒரு கலைச்சொல் நிற்குமா என்று பார்க்க நான் வழக்கமாகச் செய்வது, அதன் கிளைச்சொற்களை ஆக்கிப் பார்ப்பது. இதில் நான்கு வேண்டும். கீழடுக்குகள் சாய்ந்து, தேய்ந்து, அவற்றின் தலைமேல் புது அடுக்கு வேறு கிடையில் படிந்தால் சாய்விடுபாடு. மேலும் கீழும் ஒரே கிடையில் இருந்து, நடுவில் அரித்த மேடுபள்ளம் தெரிந்தால் இணைவிடுபாடு. ஊட்டத்தூரில் உள்ளதுபோல நைஸ், கிரானைட் மாதிரியான பாறைமேல் படிவு உட்கார்ந்தால் அடிப்பாறை விடுபாடு. நான்காவதை முடிவில் சொல்கிறேன், அதில் எனக்கே ஐயம்.

சாய்விடுபாட்டுக்கு உலகமே காட்டுவது இசுக்காட்லாந்தின் சிக்கார் பாயின்ட். 1788-இல் நிலவியல் முன்னோடி ஜேம்ஸ் ஹட்டனும் அவர் நண்பர்கள் ஜான் பிளேஃபேர், ஜேம்ஸ் ஹால் இருவரும் படகில் போய்ப் பார்த்த கடற்கரை அது. கீழே சுமார் 43 கோடி ஆண்டுப் பழைய சாம்பல் நிறப் பாறையடுக்குகள், அலமாரியில் நிறுத்திய புத்தகங்கள்போலச் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின்மேல் சுமார் 37 கோடி ஆண்டுப் பழைய செம்மணற்கல், இலேசாகச் சாய்ந்து படுத்திருக்கிறது. கடலடியில் படிந்த சேறு பாறையாகி, மடங்கி நிமிர்ந்து, தேய்ந்து, அதன்மேல் மறுபடியும் மணல் படிய எவ்வளவு காலம் வேண்டும்! இடையில் விடுபட்டது ஆறு கோடி ஆண்டு. "சிக்கார் பாயின்டில் இரண்டு அடுக்குகளுக்கு இசைவு இல்லை" என்றால் அங்கே நின்ற மூவரின் மலைப்பு எங்கே வருகிறது? "சிக்கார் பாயின்டில் ஆறு கோடி ஆண்டு விடுபாடு" என்று சொல்லிப் பாருங்கள்.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் உள்ளதை 'மாபெரும் விடுபாடு' என்று தயக்கமில்லாமல் எழுதலாம். சில இடங்களில் 170 கோடி ஆண்டுப் பாறைமேல் 50 கோடி ஆண்டு மணற்கல் நேரடியாக உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து, இன்னொரு நண்பரின் கேள்வி.

> கலைச்சொற்கள் பல்கலைக்கழகத்தில் முடிவாக வேண்டியவை. ஆர்வலர் கூட்டத்தில் ஒன்றை ஆக்கிப் பரப்பிவிட்டு, நாளை பாடநூலில் வேறொன்று வந்தால் குழப்பம்தானே ஐயா?

குழப்பம் வரலாம், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் துறை ஆர்வலர்களை வெளியே நிறுத்தி வளர்ந்த துறை இல்லை. ஹட்டன் மருத்துவம் படித்து விவசாயம் பார்த்தவர். மாதச் சம்பளத்துக்குப் பாறை பார்த்தவர் அல்லர். 1785-இல் எடின்பரோ ராயல் சொசைட்டி கூட்டத்தில் பூமியைப் பற்றிய தம் கோட்பாட்டை வைத்தது அந்த நிலையில்தான். லண்டனில் 1858-இல் ஆர்வலர்களுக்கென்றே ஜியாலஜிஸ்ட்ஸ் அசோசியேஷன் தொடங்கியது. உரை, கூட்டம், களப்பயணம் என்று இன்றுவரை நடக்கிறது. தொடக்கத்திலிருந்தே பெண்களை அங்கே உறுப்பினராகச் சேர்த்தார்கள். 1807-இல் தொடங்கிய லண்டன் ஜியாலஜிகல் சொசைட்டி பெண்களை உறுப்பினராக ஏற்க 1919 வரை ஆனது. கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்பதைப் பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்னக் கூட்டங்கள்தான் முதலில் முடிவு செய்கின்றன. தமிழில் அந்தக் கதவு சொல்தான் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் அடிமரத்தை 1940-இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்கு எடுத்துச் சொன்னார். அங்கே போக ஊருக்குள் வழி கேட்கும்போது 'பெட்ரிஃபைட் வுட்' என்று சொல்லிப் பாருங்கள், விழிப்பார்கள். 'கல்மரம்' என்றால் கை நீட்டுவார்கள். திருவக்கரையிலும் அதே சொல்தான். எந்தக் குழுவும் கூடி ஆக்காத சொல், இன்று அரசுப் பலகையிலும் அதுவே இருக்கிறது. பாடநூல்காரர்கள் வேறொன்றை முடிவு செய்தால் குறிப்பேட்டின் அடுத்த பதிப்பில் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவோம். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்கு ஒரு சொல் வேண்டும்.

போர்வெல் அண்ணனுக்குத் தொலைபேசியில் 'விடுபாடு' சொன்னேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "அந்த ஓடையில பார்த்தமே, நடுவுல காணாமப்போனது, அதுவா?" என்றார். தாம் துளை போடும்போது சில இடங்களில் களிமண் முடிந்ததும் கூழாங்கல் கொஞ்சம் ஏறிவரும், அதைத் தாண்டினால் ஒரேயடியாகக் கடினப்பாறைதான், பிட் சத்தமே மாறிவிடும் என்றார். "அந்தச் சத்தம் மாறுற இடம்தான் உங்க விடுபாடா?" என்று கேட்டார். பல இடங்களில் ஆமாம் என்றேன். இதை மூன்றாம் வகுப்பில் அவரையே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அந்த நான்காவது. மேலும் கீழும் ஒரே கிடை, ஒரே மாதிரிப் படிவு, நடுவில் அரித்த தடமும் இல்லை. ஆனாலும் காலம் விடுபட்டிருக்கிறது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மேலும் கீழும் உள்ள புதைபடிவங்களை ஒப்பிட்டால்தான் இடையில் வந்திருக்க வேண்டிய உயிர்கள் இல்லாதது தெரியும். ஐங்குறுநூற்றில் பாட்டெண் செய்யும் வேலையை இங்கே அம்மோனைட்டுகளும் (சுருள் ஓடுள்ள பழங்காலக் கடலுயிரிகள்) நுண்ணுயிர்ப் படிவங்களும் செய்கின்றன. இதற்கு 'மறைவிடுபாடு' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் சேர்த்து எழுதினால் 'மறைவிடம்' கண்ணில் படுகிறது. பிரித்து 'மறை விடுபாடு' என்றால் வேதத்தை நினைப்பவர் இருப்பார். 'கரந்த விடுபாடு' பொருளில் சரி, ஆனால் 'கரத்தல்' என்றால் மறைதல் என்று இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? 'தடமில் விடுபாடு' என்று ஒன்றும் தோன்றியது, வாயில் ஒட்டவில்லை.

துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் 'விடுபாடு' மட்டும்தான் வரும், மற்றவை குறிப்பேட்டுக்கு. ஆகையால் நான்காவதற்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அம்மா, உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.