வரைபடத்திலிருந்து சார்பைக் கண்டறிதல்: அடுக்குக்குறியா, இருபடியா?

கேள்வி: பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தந்தை

வணக்கம். மலேசியாவின் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் கூடுதல் கணிதத்திற்குத் தயாராகிவரும் என் மகள் பயிற்சித்தாளில் உள்ள ஒரு வரைபடத்தில் சிக்கிக்கொண்டாள். எக்ஸ் 0, 1, 2, 3 ஆக இருக்கும்போது ஒய் முறையே 5, 8, 14, 26 ஆக உள்ளது. இடப்பக்கம் செல்லச் செல்ல வளைகோடு கிடையச்சை ஒட்டிப் படுத்துவிடுகிறது. அந்தத் தோற்றத்தைக் கண்டு இது அடுக்குக்குறிச் சார்பு, அதாவது எக்ஸ் அடுக்காக வரும் சார்பு என்றேன். அவளோ, 8-ஐ 5-ஆல் வகுத்தால் 1.6, 14-ஐ 8-ஆல் வகுத்தால் 1.75 என்று விகிதம் மாறுவதால் இது இருபடிச் சார்புதான், அதாவது எக்ஸின் வர்க்கம் வரும் சார்பு என்கிறாள். எங்கள் இருவரில் யார் சொல்வது சரி?

பதில்: ஜார்ஜ்டவுன், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

ஐயா, உங்கள் கண் சொன்னது சரி. மகள் வகுத்துப் பார்த்ததும் நல்ல பழக்கமே, ஆனால் வகுப்பதற்கு முன் கழித்துப் பார்த்திருக்க வேண்டும். அடுத்தடுத்த ஒய் மதிப்புகளின் வேறுபாடுகள் 3, 6, 12. இருபடிச் சார்பாயின் இவ்வேறுபாடுகள் ஒரே அளவில் கூடிச் செல்லும். இங்கு அவை இரட்டிக்கின்றன. முதல் மூன்று புள்ளிகளின் வழியாக ஒரு பரவளைவை, அதாவது இருபடிச் சார்பின் வளைகோட்டை, வரைய முடியும் என்பது உண்மைதான், ஆயினும் அது எக்ஸ் 3-இல் 23-ஐத் தருமேயன்றி 26-ஐத் தராது. மேலும், பரவளைவு ஓரிடத்தில் திரும்பி மறுபடி ஏறுமேயொழிய, ஒரு கோட்டை ஒட்டிப் படுத்துக்கிடக்காது.

விகிதம் ஏன் மாறியது என்றால், சார்போடு ஒரு மாறிலி கூட்டப்பட்டிருக்கிறது. கழிக்கும்போது அம்மாறிலி தானாக நீங்கிவிடும், வகுக்கும்போது நீங்காது. இடப்பக்கமாகப் பின்னோக்கிச் சென்றால் வேறுபாடுகள் 1.5, 0.75, 0.375 எனப் பாதிபாதியாகக் குறையும். அவற்றின் முடிவிலாக் கூடுதல் 3. ஆகவே 5-இலிருந்து இறங்கும் வளைகோடு 2-ஐ நெருங்குமே தவிர 0-ஐ அல்ல. தாளில் நிலைக்குத்து அச்சின் அடியில் எந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 2 ஆக இருக்கும் என்பது என் ஐயம்.

பதில்: பாயான் லெப்பாஸ், பொறியாளர்

ஆசிரியர் சொன்ன 2-ஐ எல்லா ஒய் மதிப்புகளிலிருந்தும் கழித்தால் 3, 6, 12, 24 கிடைக்கும். இப்போது விகிதம் எங்கும் 2. எனவே ஒய் = 3 × (2-இன் அடுக்கு எக்ஸ்) + 2. பள்ளியில் மலாயில் ‘அசிம்டோட்’ என்று சொல்லும் தொலைத்தொடுகோடு, அதாவது வளைகோடு தொடாமல் நெருங்கிக்கொண்டே போகும் கோடு, இங்கே ஒய் = 2. மகள் கண்ட விகிதங்களும் வீணல்ல: 1.6, 1.75, 1.86 என அவை 2-ஐ நோக்கி ஏறுவதே ஒரு குறிப்புதான். படிவம் 4-இல் பயின்ற ‘ஹுக்கும் லீனியர்’ முறையில் (வளைகோட்டுத் தொடர்பை நேர்கோடாக மாற்றிப் பார்க்கும் முறை) சரிபார்க்க விரும்பினால், ஒய்யின் மடக்கையை வரையாமல், ஒய்யிலிருந்து 2-ஐக் கழித்ததன் மடக்கையை எக்ஸுக்கு எதிராக வரையச் சொல்லுங்கள். பத்தடி மடக்கையில் சாய்வு ஏறத்தாழ 0.301, வெட்டுத்துண்டு 0.477 கொண்ட நேர்கோடு வரும்.

கேள்வி கேட்டவர்

ஆசிரியர் ஐயாவின் ஐயம் மெய்யாயிற்று: நிலைக்குத்து அச்சு 2-இலிருந்துதான் தொடங்குகிறது, பொடி எழுத்தில் இருந்ததால் இருவருமே அதைக் கவனிக்கவில்லை. எக்ஸ் 4-க்கு 50 என்று மகள் கணித்தாள். வளைகோடு அதற்குள் தாளைத் தாண்டிவிட்டதால், −1-க்குரிய 3.5-ஐ அளந்து பார்த்தோம், பொருந்தியது.